தட்டைக் கவிழ்த்துப் பாருங்கள்

கோபிச்செட்டிபாளையத்தில் எங்கள் வீட்டு ஆசாரத்து அலமாரியில் ஒரு ருஷ்யப் பீங்கான் தட்டு இருக்கிறது. திருப்பூரில் பனியன் ஏற்றுமதி செய்த அப்பிச்சி லெனின்கிராடு போனபோது வாங்கி வந்தது. அதன் தங்க விளிம்பில் பாதி இப்போது இல்லை. பொங்கல் நோம்பிக்குப் பித்தளைக் குடங்களோடு சேர்த்துப் புளியும் சாம்பலும் போட்டுத் தேங்காய் நாரால் தேய்த்தவள் நான்தான். பதினான்கு வயது. அந்த வருத்தம்தான் என்னை இந்தத் தட்டுகளைப் பற்றிப் படிக்க வைத்தது.

1917 ருஷ்யப் புரட்சிக்காலத் தட்டு என்று யாராவது காட்டினால் முன்பக்கத்து வாசகங்களில் மயங்காமல் கவிழ்த்துப் பாருங்கள். 1744இல் தொடங்கிய ஜார் மன்னர்களின் பீங்கான் ஆலை 1918இல் அரசுடைமையானது. கிடங்கில் வண்ணம் தீட்டாத வெள்ளைத் தட்டுகள் மிச்சம் கிடந்தன. செர்கேய் செக்கோனின் தலைமையில் ஓவியர்கள் அவற்றின் மேல்தான் முழக்கங்களை எழுதினார்கள். அதனால் ஒரே தட்டில் இரண்டு முத்திரைகள் இருக்கலாம். பளபளப்பான பூச்சுக்கு அடியில் மன்னரின் கிரீடமும் ஓர் ஆண்டும். பூச்சுக்கு மேலே சுத்தியல், அரிவாள், பற்சக்கரம், வண்ணம் தீட்டிய ஆண்டு. பழைய கிரீடத்தை ஒரு திட்டு வண்ணத்தால் மறைத்ததும் உண்டு.

முத்திரையை மட்டும் நம்பிப் பணம் கொடுத்துவிடாதீர்கள். பழைய வெள்ளைத் தட்டில் நேற்று வரைந்தும் விற்கலாம். ஜன்னல் வெளிச்சத்தில் தட்டைச் சாய்த்து, கத்தி, கரண்டிக் கீறல்களைப் பூதக்கண்ணாடியால் தொடர்ந்து செல்லுங்கள். கீறல் வண்ணத்தையும் அறுத்துக்கொண்டு போனால் நல்லது. கீறலின் மேல் வண்ணம் படிந்து அதை நிரப்பியிருந்தால் சந்தேகப்படுங்கள். ஆலை தீட்டியது புழங்காத தட்டுகளில்.

எங்களுடையதில் லொமொனோசோவ் ஆலையின் முத்திரை இருக்கிறது. ஜார் காலத்து அதே ஆலைக்கு அந்தப் பெயர் 1925இல் வந்தது. ஆகவே அது புரட்சியின் முதல் ஆண்டுகளில் தீட்டிய தட்டு அல்ல. அதனால் எனக்கு அதன் அருமை குறைந்துவிடவில்லை.

பூச்சுக்கு மேல் தீட்டிய வண்ணமும் தங்கமும் தேய்த்தால் போய்விடும். பிளாஸ்டிக் பேசினின் அடியில் துண்டு விரித்து, வெதுவெதுப்பான நீரில் ஒரு சொட்டுச் சோப்புத் திரவம் விட்டு, பஞ்சால் ஒற்றி எடுங்கள். தங்க விளிம்பை ஈரத்துணியால் தொட்டால் போதும். அதில் ரசமோ ஊறுகாயோ வைக்க வேண்டாம்; பழைய வண்ணங்களில் ஈயம் கலந்திருப்பது வழக்கம், புளிப்பு அதை இளக்கும். அடுக்கி வைப்பதானால் ஒவ்வொரு தட்டுக்கும் இடையில் பருத்தித் துணி வையுங்கள். நான் பழைய சென்னிமலைப் போர்வையை வட்டமாக வெட்டி வைத்திருக்கிறேன்.