மியூஸ்ஸ்கோரில் நெடிய நோட்டுகளும் அவற்றுக்கான இடைவெளியும்

பாலஸ்த்ரீனா போன்ற பதினாறாம் நூற்றாண்டு இசையமைப்பாளர்களின் தேவாலயப் பாடல்களைக் கணினியில் எழுத முற்படுவோர், பிரீவ் எனப்படும் இரட்டை முழு நோட்டை விரைவிலேயே எதிர்கொள்வார்கள். ஒரு பிரீவ் என்பது எட்டுக் கால் நோட்டுகளின் நீளம் கொண்டது; முழு நோட்டின் இருபுறமும் செங்குத்துக் கோடுகள் இட்டது போல இன்று அச்சிடப்படுகிறது. இலவச மென்பொருளான மியூஸ்ஸ்கோரின் நான்காம் பதிப்பில் இதைக் கையாளும் முறையைக் கீழே விளக்குகிறேன்.

படி 1: புதிய இசைத்தாளைத் தொடங்கும்போதே காலக்குறியை 4/2 என, அதாவது ஒரு பாருக்கு (இரு செங்குத்துக் கோடுகளுக்கு இடைப்பட்ட பகுதி; மென்பொருளில் 'மெஷர்') நான்கு அரை நோட்டுகள் என, அமைத்துக்கொள்ளுங்கள். 4/4 பாரில் பிரீவ் அடங்காது என்பதால், மென்பொருள் அதை இரண்டு முழு நோட்டுகளாகப் பிரித்து, இரண்டு பார்களில் வைத்து, இரண்டையும் ஒரே ஒலியாக நீட்டும் டை வளைவால் இணைத்துவிடும்.

படி 2: 'என்' விசையை அழுத்தி எழுதும் நிலைக்குச் செல்லுங்கள். 5 கால் நோட்டுக்கும், 6 அரை நோட்டுக்கும், 7 முழு நோட்டுக்கும், 8 பிரீவுக்கும் உரிய எண்கள். எண்ணைத் தேர்ந்த பிறகு சுரத்தின் எழுத்தை அழுத்தினால் போதும்.

படி 3: பாடல் முழுவதும் 4/4 ஆக இருந்து, இறுதி நோட் மட்டும் பிரீவாக வேண்டுமென்றால், காலக்குறியை மாற்ற வேண்டியதில்லை. கடைசிப் பாரின் வெற்றிடத்தில் வலச்சொடுக்கி, மெஷர் ப்ராப்பர்ட்டீஸைத் திறந்து, அந்தப் பாரின் உண்மையான நீளத்தை மட்டும் 8/4 ஆக்குங்கள்.

படி 4: இடைவெளியில்தான் தொடக்கநிலையாளர்கள் மிகவும் குழம்புகிறார்கள். கால் நோட்டைப் போல் எட்டு மடங்கு நேரம் ஒலிக்கும் நோட்டுக்குத் தாளிலும் எட்டு மடங்கு இடம் தர வேண்டும் என்று எண்ணுவது இயல்பே. அவ்வாறு தந்தால் பக்கம் முழுவதும் வெறுமையாகிப் பாடகரின் கண் அடுத்த சுரத்தைத் தேடி அலையும். ஆகவே நீளம் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் இடத்தை அதைவிடக் குறைவான விகிதத்தில் கூட்டுவதே அச்சுக்கலையின் வழக்கம். மியூஸ்ஸ்கோரில் இந்த விகிதம் இயல்பாக 1.5 என இருப்பதால், கால் நோட்டிலிருந்து மூன்று முறை இரட்டித்த பிரீவுக்கு ஏறத்தாழ 3.4 மடங்கு இடமே கிடைக்கிறது. ஃபார்மட் பட்டியலில் ஸ்டைல் சாளரத்தைத் திறந்தால், மெஷர் பக்கத்தில் இதை மாற்றலாம். ஆனால் அந்த மாற்றம் இசைத்தாள் முழுவதையும் பாதிக்கும் என்பதால், தக்க காரணமின்றி அதைத் தொடாமல் இருப்பதே நல்லது என்பது என் கருத்து. மேலும், சொப்ரானோ எனும் மேல்குரல் பிரீவை நீட்டிப் பாடும்போது டெனர் எனும் ஆண்குரல் கால் நோட்டுகளைப் பாடினால், அந்தப் பாரின் அகலத்தை டெனரின் சிறிய நோட்டுகளே தீர்மானிக்கும். அங்கே பிரீவுக்குப் பின்னால் தோன்றும் வெற்றிடம் பிழையன்று. அதைச் சுருக்க முயல வேண்டாம்.

படி 5: எல்லாக் குரல்களிலும் பிரீவ் மட்டுமே உள்ள பார் ஒடுங்கித் தெரிந்தால், அந்தப் பாரைத் தேர்ந்து, ஃபார்மட் பட்டியலின் ஸ்ட்ரெட்ச் பகுதியில் அகலத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். இறுதிப் பார் தனியே ஒரு வரியில் விழுந்துவிட்டால், இரண்டு மூன்று பார்களுக்கு முன்னுள்ள பார்க்கோட்டைத் தேர்ந்து என்டர் விசையை அழுத்துங்கள். வரி அங்கேயே முறிந்து, அந்தப் பார்களும் கடைசி வரிக்கு இறங்கிவரும்.