சின்னப்பிள்ளையோடு யாழ்ப்பாணத்தில் வெளிக்கிடுவது எப்படி

ஒரு நாளைக்கு ஒரு வீடு. அல்லது ஒரு கோயில், அல்லது ஒரு கடற்கரை. இதற்கு மேல் சேர்த்தால் முதலில் குழம்புவது பிள்ளையின் பகல் நித்திரை, அதோடு நாளும் குழம்பிவிடும். ஆடி, ஆவணியில் வெளிநாட்டிலிருந்து வருகிற குடும்பங்கள் காலையில் கொக்குவில், மத்தியானம் சுன்னாகம், பின்னேரம் நல்லூர் என்று பட்டியல் போட்டு வைத்திருப்பார்கள். மூன்றாவது வீட்டில் பிள்ளை ஆரைக் கண்டாலும் கத்தும். சொந்தக்காரரைப் பிடிக்காமல் கத்துவதில்லை; நித்திரைத் தூக்கம்.

இங்கே சொல்வதெல்லாம் பெரும்பாலும் ஆறு மாதத்திலிருந்து நாலு வயது வரையான பிள்ளைகளுக்கு.

நேரத்தை வெயிலும் நித்திரையும்தான் தீர்மானிக்க வேண்டும். காலை 6.30 முதல் 10 மணி வரை, பின்னேரம் 4 முதல் இருட்டும் வரை வெளியே நிற்கலாம். இடைப்பட்ட நேரம் கூரைக்குக் கீழே. ஆறேழு மாதப் பிள்ளை எழும்பி இரண்டு, இரண்டரை மணித்தியாலத்தில் திரும்பவும் கண்ணைக் கசக்கும். ஒரு வயதுப் பிள்ளை மூன்று, நாலு மணித்தியாலம் தாங்கும். ஆகவே பிள்ளை எழும்பி முக்கால் மணித்தியாலத்துக்குள் படலையைத் தாண்டிவிட வேண்டும். பையை முதல் நாள் இரவே கட்டாவிட்டால் இது நடக்காது. காலையில் போத்தல் தேடி, சட்டை தேடி வெளிக்கிடும்போது பிள்ளையின் நல்ல நேரம் வீட்டிலேயே முடிந்திருக்கும்.

அரை நாளுக்கான பையில் பம்பர்ஸ் நாலு, மாற்றுச் சட்டை இரண்டு, தாய்க்கு ஒரு மாற்று மேற்சட்டை (வாந்தி எப்போதும் தாயின் தோளில்தான்), சின்னத் துவாய், அழுக்குத் துணி போட இரண்டு சொப்பிங் பை, தொப்பி, ஒரு பாக்கெட் ஜீவனி (வயிற்றோட்டத்துக்குத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கிற தூள்). இவற்றோடு பழைய மெல்லிய வேட்டி ஒன்றை நாலாக மடித்து வையுங்கள். தரையில் விரிக்கலாம், பால் கொடுக்கும்போது மறைக்கலாம், வெயிலுக்குப் பிடிக்கலாம். ஆனால் தள்ளுவண்டியில் பிள்ளை கிடக்கும்போது அதால் முழுவதும் மூட வேண்டாம். காற்றோட்டம் நின்று உள்ளே சூடு வேகமாக ஏறும். ஆறு மாதத்துக்குக் குறைந்த பிள்ளைக்குத் தண்ணீர் தேவையில்லை, வெயிலுக்கும் பால்தான். அதற்கு மேற்பட்ட பிள்ளைக்கு அரை லீற்றர் கொதித்தாறிய நீர் போதும்.

பால்மா குடிக்கிற பிள்ளையென்றால் தண்ணீரில் கூடுதல் கவனம் வேண்டும். வலிகாமத்தில் தோட்டக் காணிகளை அண்டிய கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று அதிகம். உரத்திலிருந்தும் மலக்குழிகளிலிருந்தும் சுண்ணாம்புக் கல்லூடாக அது நிலத்தடி நீருக்கு இறங்குகிறது. உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. தண்ணீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடத்தான் செய்யும். குறிப்பாக ஆறு மாதத்துக்குட்பட்ட பிள்ளையில் இரத்தம் ஒட்சிசனைக் காவுவதை அது குறைக்கும். ஆகவே போகிற வீட்டுக் கிணற்றை நம்பாமல், போத்தல் தண்ணீரை வீட்டிலேயே கொதிக்க வைத்துச் சுடுதண்ணிப் போத்தலில் ஊற்றிக்கொண்டு போங்கள். அளந்த பால்மாவைத் தனி டப்பாவில் வையுங்கள். மாவில் ஊற்றும்போது தண்ணீர் 70 பாகைக்குக் குறையாத சூட்டில் இருக்க வேண்டும். கரைத்து ஆற்றிப் பிறகு கொடுங்கள். கரைத்த பாலை இரண்டு மணித்தியாலத்துக்கு மேலும், பிள்ளை வாய் வைத்து மிஞ்சியதை ஒரு மணித்தியாலத்துக்கு மேலும் வைத்திருக்கக் கூடாது.

சொந்தக்காரர் வீட்டில்

ஆபத்து அதிகம் ஒளிந்திருப்பது கடலிலோ கோயில் கூட்டத்திலோ இல்லை, வளவுக்குள்தான். போனதும் கதிரையில் இருக்க முதல், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வளவை ஒருமுறை சுற்றி வாருங்கள். கிணற்றுக்கட்டு எவ்வளவு உயரம், பக்கத்தில் ஏறக்கூடிய வாளியோ கல்லோ கிடக்கிறதா, தொட்டியில் தண்ணீர் நிற்கிறதா என்று பாருங்கள். தவழ்கிற பிள்ளை தலைகீழாக விழுந்தால் வாளிக்குள் நிற்கும் நாலு விரற்கடைத் தண்ணீரே போதும், சத்தமும் கேட்காது. வாளிகளைக் கவிழ்த்து வைக்கச் சொல்லிக் கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

வேலியோரத்தில் மஞ்சள் அலரி நிற்கிறதா என்றும் பாருங்கள். அதன் பச்சைக் காய் பிள்ளையின் கைக்கு அளவான விளையாட்டுச் சாமான் போலவே இருக்கும். உள்ளிருக்கும் விதை இதயத் துடிப்பைக் குழப்பி உயிரை எடுக்கக்கூடியது. பிள்ளை ஒரு விதையைச் சப்பினதாகச் சந்தேகம் வந்தாலே, வாந்தி எடுக்கப் பண்ணுகிறோம் என்று நேரம் போக்காமல் மிச்சக் காயையும் எடுத்துக்கொண்டு உடனே வைத்தியசாலைக்குப் போங்கள். சோடாப் போத்தலில் ஊற்றி வைத்த மண்ணெண்ணெயைக் குடித்தாலும் வாந்தி எடுக்கப் பண்ணக் கூடாது; அது நுரையீரலுக்குள் போய்விடும். நுளம்புத்திரியும் குத்துவிளக்கும் தரையில் இருந்தால் உயர்த்தி வைக்கச் சொல்லுங்கள்.

பத்துப் பேர் இருக்கிற வீட்டில், எல்லோரும் பார்க்கிறார்கள் என்ற நினைப்பில் ஒருவரும் பார்ப்பதில்லை. ஆகவே பிள்ளையைக் கை மாற்றும்போது வாயால் சொல்லுங்கள்: "சித்தி, இப்ப பிள்ளை உங்களிட்ட." அவ திருப்பித் தரும் வரை பொறுப்பு அவவுடையது. சின்ன வேலைதான், ஆனால் வேறெந்த ஏற்பாட்டையும் விட இது உதவும்.

பிள்ளையை முதன்முதலாகப் பார்க்கிறவர்கள் கைக்குள் காசு வைப்பார்கள். தாளென்றால் வாங்கி மடித்து வையுங்கள். குத்தியென்றால் அந்த இடத்திலேயே எடுத்துவிடுங்கள், அடுத்த நொடியில் அது வாய்க்குள். தடிமன், இருமல் உள்ளவர்கள் கொஞ்சுவதைத் தடுப்பது கஷ்டம். வேண்டாம் என்று நேரே சொல்வதை விட, "காலைக் கொஞ்சுங்கோ அம்மம்மா" என்று காலை நீட்டிவிடுவது எல்லோருக்கும் சுகம்.

தீத்துவது

புது வீட்டில் புதுச் சாப்பாடு பழக்க வேண்டாம். அன்றைக்குக் கொடுப்பது ஏற்கெனவே பழகினதாக இருக்கட்டும். சமைத்து இரண்டு மணித்தியாலம் தாண்டிய மசித்த சோற்றைப் புழுக்கத்தில் வைத்திருந்து தீத்தக் கூடாது. வாழைப்பழத்தைத் தோலோடு கொண்டுபோய் அங்கே உரித்து மசிப்பது பாதுகாப்பு.

ஒரு வயது நிரம்பாத பிள்ளைக்குத் தேன் ஆகாது, ஒரு சொட்டும் ஆகாது. அதில் இருக்கக்கூடிய கிருமி வித்து பெருங்குடலில் முளைத்து நஞ்சைக் கக்கித் தசைகளைச் சோர வைக்கும். கோயிலில் கையில் தருகிற பஞ்சாமிர்தத்தில் தேன் உண்டு என்பதைப் பலர் யோசிப்பதில்லை. "ஒரு வயசாகேல்லை மாமி, தேன் குடுக்க வேண்டாமெண்டு கிளினிக்கில சொன்னவை" என்றால் பெரும்பாலும் வாதம் நடக்காது. நெற்றியில் திருநீறு போதும்.

கச்சானை முழுதாக நாலு வயது வரையாவது கொடுக்க வேண்டாம். திருவிழாக் கடைகளில் எல்லோர் கையிலும் கச்சான் சரை இருக்கும், அண்ணன்மார் அன்பாக ஊட்டியும் விடுவார்கள். அந்தப் பருப்பு மூச்சுக்குழாயில் சரியாக அடைக்கிற அளவு. முந்திரிகைப்பழத்தை (திராட்சை) நெடுக்காக நாலாகப் பிளந்து கொடுங்கள். நுங்கு வழுக்கும், ஆகவே மசித்து. புழுக்கொடியல் வேண்டவே வேண்டாம்.

நல்லூர்

25 நாள் திருவிழாவில் சின்னப்பிள்ளையோடு போகிறவர்கள் 24ஆம் நாள் தேரையும் அதற்கு முந்தின நாள் சப்பறத்தையும் விட்டுவிடுவது நல்லது. நெருக்கத்தில் தூக்கி வைத்திருக்கிற பிள்ளைக்குக் காற்று வராது, நினைத்த நேரம் வெளியே வரவும் முடியாது. கொடியேறிய முதல் கிழமையில் ஒரு வேலை நாள் காலை பாருங்கள், பிள்ளைக்கும் சாமி தெரியும்.

வீதித் தடைக்கு உள்ளே வாகனமும் செருப்பும் இல்லை. மணலில் தள்ளுவண்டிச் சில்லுப் புதையும். வண்டியை வாகனத்திலேயே விடுங்கள். பத்து மணிக்குப் பிறகு மணல் சுடும், நடக்கிற பிள்ளையும் தூக்கச் சொல்லி அழும். உள்ளே ஆண்கள் மேற்சட்டை கழற்ற வேண்டும், அத்தோடு அப்பாவின் பொக்கற்றும் போய்விடும். வியர்வை உடம்பில் பிள்ளை வழுகும். ஆகவே அப்பா ஒரு பருத்திச் சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு, பிள்ளையை அதற்கு மேல் இருத்தினால் பிடி நிற்கும். நடக்கிற பிள்ளையின் சட்டைக்கு உட்புறம் தொலைபேசி இலக்கத்தைப் பேனாவால் எழுதிவிடுங்கள். தொலைந்தால் எந்த வாசலில் சந்திப்பது என்று பெரியவர்களும் முன்கூட்டியே பேசி வையுங்கள்.

கடலும் தீவும்

காரைநகர் கசூரினாக் கடற்கரைதான் சின்னப்பிள்ளைக்கு முதல் தெரிவு: ஆழமில்லாக் கடல், சவுக்கு நிழல். சவுக்கங்காய் காலில் குத்தும், செருப்பு வேண்டும். ஆழமில்லை என்றாலும் பிள்ளை கை எட்டும் தூரத்திலேயே இருக்க வேண்டும். வாடைக்காற்றுக் காலத்தில் கடலில் இறக்க வேண்டாம்.

நயினாதீவுக்குக் குறிகட்டுவானிலிருந்து படகு ஏறக்குறைய இருபது நிமிடம். கீழ்த்தட்டில் புழுக்கமும் எண்ணெய்ப் புகையும். காற்று வருகிற இடமாகப் பார்த்து, விளிம்பிலிருந்து தள்ளி இருங்கள். படகில் இருக்கிற பாதுகாப்பு அங்கி பெரியவர்களின் அளவு, சின்னப்பிள்ளை தண்ணீரில் அதிலிருந்து நழுவிவிடும். கால்களுக்கிடையில் பட்டி பூட்டுகிற சிறுவர் அங்கியைச் சொந்தமாகக் கொண்டுபோங்கள். முதல் படகுகளில் போய் மத்தியானத்துக்கு முன் திரும்புவதே சரி. நெடுந்தீவு மூன்று வயதுக்குப் பிறகு இருக்கட்டும்: கடலிலேயே ஏறக்குறைய ஒரு மணித்தியாலம், அங்கே நிழல் குறைவு, திரும்புவது படகு நேரத்தைப் பொறுத்தது.

கீரிமலைக் கேணிப் படிகள் பாசியில் வழுக்கும். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இறங்காமல், மேல் படியில் இருத்திச் செம்பால் தண்ணீர் வார்த்துவிடுங்கள். கோட்டை மதில்மேல் போனால் கையை விட வேண்டாம். சுப்பிரமணியம் பூங்காவில் சறுக்கியில் ஏற்ற முன் புறங்கையால் தொட்டுப் பாருங்கள், உலோகம் வெயிலில் தோலைச் சுட்டுவிடும். யாழ்ப்பாணத்திலிருந்து காங்கேசன்துறைக்கு ரயிலில் போய் வருவது பலர் நினைக்காத ஒன்று. பயணம் குறுகியது, இரண்டு வயதுப் பிள்ளைக்கு அதுவே பெரிய கொண்டாட்டம். திரும்பும் ரயில் நேரத்தை ஸ்ரேசனில் கேட்டுவிட்டு ஏறுங்கள்.

வாகனத்தில்

மோட்டார் சைக்கிளில் பெற்றோல் தாங்கிக்கு மேல் பிள்ளையை இருத்துவது இங்கே வழக்கம், ஆனால் மோதினால் முதலில் அடிபடுவது அந்தத் தலைதான். அதைவிட ஓட்டோ நல்லது. நடு இருக்கையில், இரண்டு பெரியவர்களுக்கு இடையில். வேறு வழியின்றி மோட்டார் சைக்கிளில் போனால், பின் சில்லுப் பக்கம் பிள்ளையின் கால் தொங்குகிறதா, சேலைத் தலைப்போ சால்வையோ பறக்கிறதா என்று பார்த்துவிட்டே புறப்படுங்கள். குதிக்கால் கம்பிக்குள் போகிற காயம் ஆற மாதங்கள் எடுக்கும்.

வயிற்றோட்டம் வந்தால் ஒரு பாக்கெட் ஜீவனியை ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் முழுதாகக் கரையுங்கள். பாதிப் பாக்கெட், பாதித் தண்ணீர் என்று கணக்குப் பார்க்க வேண்டாம். செறிவு பிழைத்தால் பிள்ளைக்குக் கெடுதல். கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாகத் தீத்துங்கள், வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்துத் தொடங்குங்கள், 24 மணித்தியாலத்துக்குப் பிறகு மிச்சத்தை ஊற்றிவிடுங்கள். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். ஆறு மணித்தியாலமாகச் சலம் போகாவிட்டால், கண் குழிந்தால், பிள்ளை எழுப்ப எழுப்பச் சோர்ந்தால் வீட்டில் வைத்திருக்காமல் 1990 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள்; அந்த அம்புலன்ஸுக்குக் காசு இல்லை. பிள்ளையின் கிளினிக் புத்தகத்தில் தடுப்பூசிப் பக்கத்தையும் நிறைப் பக்கத்தையும் போனில் படமெடுத்து வைத்திருந்தால் வைத்தியர் கேட்கிற முதல் கேள்விகளுக்குப் பதில் கையில் இருக்கும்.