உருகிப் போன ஐஸ் எந்தப் பக்கமா நகர்ந்துச்சுன்னு மேப்ப வச்சே கண்டுபிடிக்கிறது எப்படி

ஒரு காலத்துல நிலத்த மூடிக்கிட்டிருந்த பெரிய ஐஸ் ஷீட், அதாவது கண்டம் அளவு ஐஸ் போர்வை, உருகிப் போனாலும் அது விட்டுட்டுப் போன மேடுங்கள வச்சு எந்தப் பக்கமா நகர்ந்துச்சுன்னு சொல்லலாம். இதுக்கு ஒரு லேப்டாப்பும் கூகுள் எர்த் ப்ரோவும் போதும், அது ஃப்ரீதான். உள்ள போனதும் டூல்ஸ், ஆப்ஷன்ஸ், 3டி வியூன்னு போய் எலிவேஷன் எக்ஸாஜரேஷன (உயரத்த பெருசாக்கிக் காட்டுறது) 3 ஆக்கிடுங்க, ஏன்னா நாம தேடப்போற மேடுங்க நிறைய 10, 20, 30 மீட்டர் உயரம்தான், அப்படியே பாத்தா தட்டையா தெரிஞ்சு கடுப்பாகும்.

தேட ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஐஸுக்கு அடியில என்ன நடக்குதுன்னு கொஞ்சம் தெரிஞ்சுக்கணும். நிறைய பேர் பெரிய ஐஸ் ஷீட்னா மேலேர்ந்து கீழ வரைக்கும் இறுகிப்போய் தரையோட ஒட்டிட்டு கிடக்கும்னு நெனைக்கறாங்க. மேல மைனஸ் 30 டிகிரி இருந்தாலும், ஒரு கிலோமீட்டர் ஐஸோட எடை அமுக்கினா உருகுற வெப்பநிலையே முக்கால் டிகிரி கிட்ட எறங்கிடும், கீழேர்ந்து பூமியோட சூடு வேற வரும், நகரும்போது உராயற சூடு வேற, அதனால பல இடத்துல அடிப்பக்கம் ஈரமாத்தான் இருக்கும். அந்தத் தண்ணி மேலதான் ஐஸ் வழுக்குது. அப்புறம் பாறைய செதுக்கறது ஐஸ் இல்ல, ஐஸ் ரொம்ப சாஃப்ட், அதோட அடியில உறைஞ்சு மாட்டிக்கிட்ட கல்லுங்கதான் செதுக்குது.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வரேன். ஒரு மேட்டைப் பாத்ததும் முதல்ல கேக்கவேண்டிய கேள்வி, இது பாறையா மண்ணா? இத கேக்காம திசை சொன்னா கரெக்டா தலைகீழா சொல்லிடுவீங்க.

பாறைன்னா ஐஸ் வந்து மோதுற பக்கம் தேஞ்சு வழவழன்னு சரிவா இருக்கும், தாண்டிப் போற பக்கம் அழுத்தம் குறையறதால தண்ணி விரிசல்ல பூந்து திரும்ப உறைஞ்சு, ஐஸ் நகரும்போது கல்ல பாளம் பாளமா பேத்துட்டு போயிடும், அந்தப் பக்கம் செங்குத்தா கரடுமுரடா நிக்கும். இதுக்கு ரோஷ் மூட்டனேன்னு பேரு. மண்ணுன்னா டிரம்லின், கரையில கவுத்துப் போட்ட வள்ளம் மாதிரி இருக்கும், ஆனா இங்க மொட்டையான செங்குத்துப் பக்கம்தான் ஐஸ் வந்த பக்கம், வால் மாதிரி இளைச்சு நீளுற பக்கம் ஐஸ் போன பக்கம். ரெண்டும் நேர் எதிர், பாத்தீங்களா.

பழகறதுக்கு நல்ல இடம் நியூயார்க் மாநிலத்துல பால்மைரா. சர்ச்ல ஊர் பேர மட்டும் போட்டா சிரியாவுக்கு கூட்டிட்டு போயிடும், மாநிலத்தையும் சேர்த்து போடுங்க. ஒண்டாரியோ ஏரிக்கு தெக்க, ராச்செஸ்டருக்கும் சிரக்யூஸுக்கும் நடுவுல ஆயிரக்கணக்குல டிரம்லின் இருக்கு, எல்லாம் வடக்கு தெற்கா ஒரே வரிசையில படுத்திருக்கும். ஏதாவது ஒரு மேட்டோட முதுகு மேல வடக்கேர்ந்து தெக்க வரைக்கும் ஆட் பாத் போட்டு கோடு இழுங்க, சேவ் பண்ணிட்டு ரைட் கிளிக் பண்ணி ஷோ எலிவேஷன் ப்ரொஃபைல் குடுங்க. வடக்குல சட்டுனு ஏறி தெக்க மெதுவா எறங்கும், அப்ப ஐஸ் ஏரிப்பக்கத்துலேர்ந்து வந்திருக்கு. ஒரு மேட்ட மட்டும் பாத்து முடிவு பண்ணாதீங்க, பத்து பதினஞ்சாவது பாருங்க, சிலது ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்து குழப்பும்.

டிரம்லினோட உள்ள பாக்கணும்னா அதே ஏரிக்கரையில சிம்னி ப்ளஃப்ஸ் பார்க் போட்டோ தேடுங்க. அலை அடிச்சு ஒரு டிரம்லின பாதியா வெட்டி வச்சிருக்கு, களிமண்ணு, மணல், கூழாங்கல், பெரிய கல்லுன்னு எல்லாம் ஒண்ணா கலந்து கிடக்கும். ஐஸ் அப்படியே போட்டுட்டுப் போன இந்த கலவைதான் டில். தண்ணி கொண்டு வந்து போட்டிருந்தா பெருசு தனி சிறுசு தனின்னு அடுக்கடுக்கா பிரிஞ்சிருக்கும்.

டிரம்லின் எப்படி உருவாச்சுன்னு ஆராய்ச்சிக்காரங்க இன்னும் சண்டை போட்டுட்டுதான் இருக்காங்க. ஐஸ் இழுக்குற இழுப்புல ஈரமான டில் நெளிஞ்சு மேடாச்சுன்னு ஒரு கட்சி, அடியில பாய்ஞ்ச பெரிய வெள்ளம் செஞ்சதுன்னு ஜான் ஷாங்கிற ஆராய்ச்சிக்காரரோட கட்சி. எனக்கு முதல் கட்சிதான் சரின்னு படுது. அண்டார்டிகாவுல ரட்ஃபோர்ட் ஐஸ் ஸ்ட்ரீம்ல (ஐஸ் ஷீட்டுக்குள்ள ஆறு மாதிரி வேகமா நகர்ற பகுதி) 1991, 1997, 2004ன்னு மூணு தடவை ஒரே இடத்துல நில அதிர்வு அலை அனுப்பி அடித்தரைய அளந்தாங்க, ரெண்டு கிலோமீட்டர் ஐஸுக்கு கீழ, முன்னாடி இல்லாத மேடு ஒண்ணு 2004ல இருந்துச்சு. சில வருஷத்துலயே மேடு எழும்புதுன்னா அதுக்கு மெகா வெள்ளம்லாம் எதுக்கு?

பாறைக்கு ஸ்காட்லாந்துல எடின்பரோ போங்க, ஆனா உஷார், இது மூணாவது வகை. கோட்டை நிக்கிற பாறை பழைய எரிமலையோட கெட்டியான அடைப்பு, மேற்கேர்ந்து வந்த ஐஸால அத உடைக்க முடியல, ரெண்டு பக்கமும் சுத்திப் போய் தோண்டிடுச்சு, ஆனா பாறைக்கு பின்னாடி மறைவா இருந்த சாஃப்ட்டான பாறை தப்பிச்சுடுச்சு. ராயல் மைல் ரோடு கோட்டையிலேர்ந்து கிழக்கால எறங்கிப் போறது அந்த வால் மேலதான். பாறையா இருந்தாலும் இங்க செங்குத்துதான் ஐஸ் வந்த பக்கம். அதனால நீளமா வால் இருந்தா வால் காட்டுற திசைய நம்புங்க.

அடுத்து எஸ்கர். ஃபின்லாந்துல புங்காஹார்யுன்னு தேடுங்க, ரெண்டு பக்கமும் ஏரி, நடுவுல ஏழு கிலோமீட்டருக்கு ஒல்லியா ஒரு மேடு, அது மேல ரோடு. ஐஸுக்கு அடியில சுரங்கம் மாதிரி ஓடுன ஆத்தோட மணலும் சரளையும் ஐஸ் உருகுனதும் மேடா நின்னுடுச்சு. உள்ள கல்லு மணல் பிரிஞ்சு இருக்கும், டில் மாதிரி கலந்து இருக்காது. சில எஸ்கர் மேட்டு மேல ஏறி எறங்கிப் போகும், மேப் தப்புன்னு நெனைக்காதீங்க, ஐஸோட அழுத்தத்துல இருக்கிற தண்ணிக்கு தரையோட சரிவ விட மேல இருக்கிற ஐஸோட சரிவு பத்து மடங்குக்கு மேல முக்கியம், அதனால மேட்டுலயும் ஏறும்.

ஃபின்லாந்து லைடார் டேட்டா (லேசர வச்சு அளந்த தரை உயரம்) ஃப்ரீயா கிடைக்குது, அத கியூஜிஐஎஸ்ங்கிற மேப் சாஃப்ட்வேர்ல ஹில்ஷேட் போட்டா, அதாவது ஒரு பக்கத்துலேர்ந்து வெளிச்சம் அடிச்ச மாதிரி நிழல் போட்டா, இன்னும் தெளிவா தெரியும். ஆனா வெளிச்சம் வழக்கமா வடமேற்கேர்ந்து வர்ற மாதிரி செட் ஆகி இருக்கும், அங்க கிழக்குப் பக்கம் ஐஸும் வடமேற்கு தென்கிழக்காதான் போச்சு, வெளிச்சத்துக்கு இணையா இருக்கிற மேடெல்லாம் காணாம போயிடும். அசிமத்த (வெளிச்சம் வர்ற திசை) வடகிழக்குக்கு மாத்தி ஒரு தடவை கட்டாயம் பாருங்க.

அயர்லாந்துல க்ளூ பேங்கிற விரிகுடாவுல கடல்ல பாதி முழுகின டிரம்லின் தீவுங்க அழகா இருக்கும், ஆனா அட்லாண்டிக் அலை மேற்கு முனைய கடிச்சு செங்குத்தாக்கி வச்சிருக்கு, அந்த செங்குத்த வச்சு திசை சொல்லிடாதீங்க. அப்புறம் ஒரு இடத்துல கல்லு செதுக்கின கோடும் இல்ல மேடும் இல்லன்னா ஐஸே வரலன்னு அர்த்தம் இல்ல. அடிப்பக்கம் தரையோட உறைஞ்சு ஒட்டிக்கிட்டா ஐஸ் வழுக்காது, செதுக்காது, வட ஸ்வீடன் மலைங்கள்ல சில இடத்துல ஐஸ் மூடியிருந்தும் அதுக்கு முன்னாடி இருந்த நிலம் கலையாம அப்படியே இருக்கு.