பருத்திச் சட்டைக்கு நீர்க்கஞ்சி: பட்ட அழுக்கு துவைக்கும்போது விட்டுப்போக ஒரு செய்முறை

காலர் மடிப்பில் படிந்த கறுப்புக் கோட்டை பிரஷ்ஷால் தேய்த்தே நூலைப் பிரித்துவிட்டவர்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் அப்படி நாலைந்து நல்ல சட்டைகளைக் கெடுத்தவன்தான். துவைக்கும்போது செய்யும் வேலையில் பாதியை, முந்தைய முறை துவைத்து முடித்தபோதே செய்திருக்கலாம் என்பது பிறகுதான் புரிந்தது. அதற்கு வேண்டியது ஒரு கைப்பிடி மரவள்ளி மாவு.

கடையில் 'கறை எதிர்ப்பு' என்று எழுதி விற்கும் துணிகளில் இரண்டு வகை உண்டு. ஒன்று, கறையை ஒட்டவே விடாதது. குழம்பு சிந்தினால் முத்து முத்தாக உருண்டு ஓடும். மற்றொன்று, ஒட்டிய கறையைத் தண்ணீரில் போட்டவுடன் விட்டுவிடுவது. விளம்பரத்துக்கு முதல் வகை அழகு. வீட்டில் நம்மால் செய்ய முடிந்தது இரண்டாவது வகை.

முதல் வகை பெரும்பாலும் ஃபுளோரின் கலந்த வேதிப்பொருளால் ஆனது. 1953இல் அமெரிக்காவின் 3எம் நிறுவன ஆய்வகத்தில் ஓர் உதவியாளரின் கான்வாஸ் ஷூவில் இப்படிப்பட்ட திரவம் சிந்தியது. கழுவிப் பார்த்தால் போகவில்லை. அந்த இடத்தில் அழுக்கும் ஒட்டவில்லை. பாட்ஸி ஷெர்மன், சாமுவேல் ஸ்மித் என்ற இரு வேதியியலாளர்கள் அதைப் பிடித்துக்கொண்டு வேலை செய்ததில், 1956இல் ஸ்காட்ச்கார்ட் என்ற கறைத்தடுப்புப் பொருள் விற்பனைக்கு வந்தது. பிறகு ஒரு சிக்கல் தெரிந்தது. எண்ணெயை அண்டவிடாத துணி தண்ணீரையும் அண்டவிடாது. கறையை அழுத்தித் தேய்த்து உள்ளே ஏற்றிவிட்டால், அதை வெளியே கொண்டுவர சோப்புத் தண்ணீரும் உள்ளே போக முடியாது. ஆகவே உலர்ந்திருக்கும்போது எண்ணெயை விலக்கி, நனைந்தபின் தண்ணீரை உள்ளே விடும் இரட்டைக் குணமுள்ள பொருளையும் அவர்களே உருவாக்கினார்கள். இந்தக் குடும்பத்து வேதிப்பொருள்கள் மண்ணிலும் நீரிலும் மனித ரத்தத்திலும் சிதையாமல் தங்குபவை. அவற்றில் பிஎஃப்ஓஎஸ் 2009இலும், பிஎஃப்ஓஏ 2019இலும், சிதையாமல் தங்கும் நச்சுப் பொருள்களைக் கட்டுப்படுத்தும் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் பட்டியலில் ஏறின. தவிர, ஆலையில் இதைத் துணியில் நிலைநிறுத்த 150 முதல் 170 டிகிரி வரை சூடேற்றுவார்கள். கொடியில் காயும் சட்டைக்கு அந்தச் சூடு எங்கே கிடைக்கும்? ஸ்பிரே வாங்கி அடித்தால் சில சலவையிலேயே போய்விடுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

இனி நம் கஞ்சிக்கு வருவோம். பருத்தி செல்லுலோஸால் ஆனது. கஞ்சி மாவுச்சத்தால் ஆனது. இரண்டுமே குளுக்கோஸ் கண்ணிகளைக் கோத்த சங்கிலிதான், கோத்த விதம் மட்டும் வேறு. இந்த உறவால் கஞ்சி பருத்தியோடு நன்றாக ஒட்டும். ஆனால் செல்லுலோஸ் தண்ணீரில் கரையாது. கஞ்சிப் படலம் உப்பிக் கரையும். நூலின் இழைகளுக்கு நடுவே இருக்கும் சந்துகளைக் கஞ்சி மூடிவிடுவதால், கழுத்தின் எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் படலத்தின் மேலேயே நின்றுவிடும். துவைக்கும்போது படலம் கழன்று அழுக்கையும் கூட்டிக்கொண்டு போகும். விறைப்புக்காகத்தான் கஞ்சி என்று நினைத்திருந்தோம். விறைப்பு உபரி லாபம்தான்.

முதலில் ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள்

சட்டையின் உட்புறத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சில நொடிகளில் உறிஞ்சிக்கொண்டால் துணி தயார். சொட்டு மணியாக நின்றால், துணியில் ஆலையின் மெழுகோ சிலிக்கோனோ இருக்கிறது, அல்லது நீங்கள் கடைசி அலசலில் ஊற்றும் வாசனைத் திரவத்தின் கொழுப்புப் படலம் இருக்கிறது. அந்த மென்மையூட்டிகளைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. துணியை வழவழப்பாக்குவது கொழுப்புத் தன்மையுள்ள பொருள். அது எண்ணெய்க் கறைக்கு உறவுக்காரன். பருத்தித் துண்டு நாளடைவில் உடம்பைத் துடைக்க மறுப்பதும் இதனால்தான்.

மணியாக நின்றால், வெந்நீரில் லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி சலவைச் சோடாவும் சிறிது சோப்புத்தூளும் போட்டு அரை மணி நேரம் ஊறவைத்து, நன்றாக அலசி, மறுபடி சொட்டு வையுங்கள். சாயம் போகும் துணிக்கு இது வேண்டாம். 'சுருங்காத பருத்தி' என்று விற்கும் சட்டைகளில் பிசின் ஏற்றியிருப்பார்கள். அவை எண்ணெயை இறுகப் பிடிக்கும், கஞ்சியையும் சரியாக ஏற்காது. அவற்றை விட்டுவிடலாம்.

கஞ்சி காய்ச்சுதல்

ஒரு சட்டைக்கு 20 கிராம் மரவள்ளி ஸ்டார்ச் மாவு, மொத்தம் 2 லிட்டர் தண்ணீர். அதாவது நூற்றுக்கு ஒரு பங்கு. தராசு இல்லையென்றால் மட்டமாக வழித்த இரண்டரை மேசைக்கரண்டி. கையால் பிழிந்த பருத்தித் துணி ஏறக்குறைய தன் எடை அளவு நீரைப் பிடித்திருக்கும். 250 கிராம் சட்டையில் கால் லிட்டர் கஞ்சி நின்றால், உலர்ந்தபின் தங்குவது இரண்டரை கிராம் மாவுதான். அழுக்கைத் தாங்க அது போதும். மொடமொடப்பான வேட்டிதான் வேண்டும் என்பவர்கள் மாவை மூன்று மடங்காக்கிக்கொள்ளலாம். ஆனால் தடித்த படலம் மடிப்பில் வெடித்து உதிரும். வெடித்த இடத்தில் அழுக்கு நேராக நூலுக்குள் போகும்.

மாவை 200 மில்லி பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரையுங்கள். சூடான தண்ணீரில் நேரடியாக மாவைக் கொட்டினால் கட்டி தட்டும். நான் முதல்முறை அப்படித்தான் செய்து, கருநீலச் சட்டை முழுக்க வெள்ளைப் புள்ளிகளோடு ஒரு கல்யாணத்துக்குப் போய் வந்தேன். இன்னொரு பாத்திரத்தில் 800 மில்லி தண்ணீரைக் கொதிக்கவிட்டு, கரைசலை மெல்லிய தாரையாக ஊற்றிக்கொண்டே கிண்டுங்கள். பால்போல இருப்பது கண்ணாடிபோலத் தெளியும்; மாவுமணிகள் வெடித்து வெந்துவிட்டதற்கு அதுதான் அடையாளம். மேலும் ஐந்து நிமிடம் சிறுதீயில் கொதிக்கட்டும். இறக்கி மல்துணியில் வடிகட்டி, மீதி ஒரு லிட்டர் தண்ணீரையும் சேர்த்து ஆறவிடுங்கள்.

மாவு கிடைக்கவில்லையா? ஜவ்வரிசியை ஊறவைத்து அரைத்தும் இதையே செய்யலாம், அதுவும் மரவள்ளிதான். மைதா வேண்டாம், அதிலுள்ள புரதம் இழுபடும். சாதம் வடித்த கஞ்சி அருமையானது, ஆனால் அதன் திட்பம் நாளுக்கு நாள் மாறும். உலையில் உப்புப் போட்டிருந்தால் எடுக்காதீர்கள். உப்பு ஈரத்தை இழுத்து, துணியைப் பிசுபிசுப்பாக்கும். குக்கர் வந்தபின் எத்தனை வீட்டில் கஞ்சி வடிக்கிறார்கள் என்பது வேறு கதை.

முக்குதல், உலர்த்துதல், தேய்த்தல்

துவைத்து அலசிய சட்டையை ஈரமாகவே, உட்புறம் வெளியே வரும்படி திருப்பிக் கஞ்சியில் முக்குங்கள். உலர்ந்த துணி ஓரிடத்தில் அதிகமாகவும் ஓரிடத்தில் குறைவாகவும் குடிக்கும். ஈரத்துணி சீராக வாங்கும். இரண்டு மூன்று நிமிடம் கையால் அமுக்கி அமுக்கி எடுங்கள். காலரையும் கைப்பட்டியையும் மட்டும் தனியே இன்னொரு முறை முக்கிப் பிசையுங்கள், ஏனென்றால் போர் நடப்பது அங்கேதான். முறுக்காமல் பிழிந்து, நன்றாக உதறி, நிழலில் கட்டுங்கள். வெள்ளைத் துணியென்றால் வெயிலே நல்லது.

முக்கால் பங்கு உலர்ந்ததும் எடுத்து இஸ்திரி போடுங்கள். முற்றிலும் காய்ந்துவிட்டால் தண்ணீர் தெளித்துச் சுருட்டிப் பத்து நிமிடம் வைத்துவிட்டுத் தேயுங்கள். இந்தப் படியைத் தவிர்க்காதீர்கள். சூடும் அழுத்தமும் சேர்ந்து படலத்தை வழவழப்பாக்கினால்தான் தூசிக்குப் பிடிமானம் இருக்காது. பெட்டியை ஓரிடத்தில் நிறுத்தினால் கஞ்சி தீய்ந்து பழுப்பாகும். கை ஓடிக்கொண்டே இருக்கட்டும்.

துவைக்கும்போது

சோப்புக்கு முன்னால் வெறும் தண்ணீரில் இருபது நிமிடம் ஊறவிடுங்கள். படலம் உப்பிக் கழலும். தண்ணீர் கலங்குவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் பிறகு சோப்பு. நொதி சேர்த்த சோப்புத்தூளின் உறையில் அமைலேஸ் என்று இருந்தால் நல்லது, மாவுச்சத்தைத் துண்டாக்குவது அதன் வேலை. அலசி முடித்ததும் மறுபடி கஞ்சி. ஆம், ஒவ்வொரு முறையும். இது பலியாடு, ஒரு சலவைக்கு ஒன்று.

விறைப்பு பிடிக்காதவர்களுக்கு

சி.எம்.சி. என்ற கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸ் பேக்கரிப் பொருள் கடைகளிலும் வேதிப்பொருள் கடைகளிலும் தூளாகக் கிடைக்கும். செல்லுலோஸையே தண்ணீரில் கரையும்படி மாற்றிய பொருள் இது; ஐஸ்கிரீமில்கூடச் சேர்க்கிறார்கள். சோப்புத்தூளில் இதைச் சிறிதளவு சேர்ப்பது, கழன்ற அழுக்கு மறுபடி துணியில் படிந்து வெள்ளை பழுப்பேறாமல் இருக்கத்தான். இது எதிர்மின் தன்மை கொண்டது. சோப்புத் தண்ணீரில் அழுக்குத் துகளும் அப்படியே, ஆகவே ஒன்றையொன்று தள்ளும்.

லிட்டருக்கு 5 கிராம். தண்ணீரை வேகமாகக் கலக்கிக்கொண்டே தூளைச் சிறிது சிறிதாகத் தூவுங்கள். மொத்தமாகக் கொட்டினால் வெளியே வழுக்கலும் உள்ளே தூளுமாக மீன்கண் போன்ற உருண்டைகள் வரும். இரவு முழுதும் விட்டால் தெளிந்த கூழாகும். கஞ்சி போலவே முக்கி, பிழிந்து, உலர்த்துங்கள். மென்மையூட்டியோடு இதைச் சேர்க்கவே கூடாது. எதிரெதிர் மின் தன்மையால் இரண்டும் திரிந்து துணியில் ஒட்டும்.

நம்பாதவர்களுக்கு ஒரு சோதனை

பழைய வெள்ளைக் கைக்குட்டையை மூன்றாகக் கிழியுங்கள். ஒன்றுக்குக் கஞ்சி, ஒன்றுக்கு சி.எம்.சி., ஒன்று சும்மா. மூன்றையும் உலர்த்தித் தேய்த்தபின், நல்லெண்ணெயில் விளக்குக்கரியைக் குழைத்து ஒவ்வொன்றிலும் ஒரே அளவு தடவி ஓர் இரவு வையுங்கள். மறுநாள் ஒரே வாளியில் போடாமல், தனித்தனியே, ஒரே அளவு சோப்பில், ஒரே நேரம் துவையுங்கள். கரி எதில் தங்கியிருக்கிறது என்பதைப் பார்த்துவிட்டு உங்கள் சட்டைக்கு எது என்று முடிவு செய்யலாம்.

கஞ்சியால் ஆகாத காரியங்களும் உண்டு. வாழைக்கறை, பேனா மை, துருக்கறை மூன்றும் கஞ்சியை மதிப்பதில்லை. சூடான சாம்பாரிலுள்ள மஞ்சள், கஞ்சிப் படலத்தைத் தாண்டி இறங்கிவிடும். ஆனால் மஞ்சளின் நிறம் வெயிலுக்கு மங்கும் என்பதால், துவைத்து வெயிலில் போட்டால் பெரும்பகுதி போகும். சோப்புப் பட்டவுடன் மஞ்சள் சிவப்பானால் பயப்பட வேண்டாம், காரத்தில் அது அப்படித்தான் மாறும்.

பனியன், துண்டு, குழந்தைத் துணிகளுக்குக் கஞ்சி வேண்டாம். அவை உறிஞ்ச வேண்டியவை. நாள்கணக்கில் பெட்டியில் வைக்கப்போகும் வேட்டி சேலைகளைக் கஞ்சியில்லாமல் வையுங்கள். இராமபாணப் பூச்சிக்கு மாவுச்சத்து விருந்து, மழைக்காலத்தில் பூஞ்சணமும் அங்கேதான் முதலில் பூக்கும். பூச்சிக்குப் பயந்து கஞ்சியில் மயில்துத்தம் கலக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. உடம்பில் படும் துணிக்கு அந்த நஞ்சு வேண்டாம். மிஞ்சிய கஞ்சியைக்கூட மறுநாளைக்கு வைக்காமல் செடிக்கு ஊற்றிவிடுங்கள். புளித்த கஞ்சியின் வாடை சட்டையை விட்டு எளிதில் போகாது.