டிவிக்குக் கீழே கணினி: முதலில் கூலரின் உயரத்தை அளந்துகொள்ளுங்கள்

ஹாலில் டிவிக்கு அடியில் வைக்கச் சிறிய கணினி அசெம்பிள் செய்கிறீர்களா? பெட்டியின் அழகைப் பிறகு பார்க்கலாம். ப்ராசஸருக்கு மேல், அதைக் குளிர்விக்கும் கூலர் உட்கார எத்தனை மில்லிமீட்டர் இடம் இருக்கிறது என்பதே முதல் கேள்வி.

ஃபிராக்டல் டிசைன் நோட் 202 பெட்டி படுக்கவைத்தால் சுமார் 8 செ.மீ. உயரம்தான். உள்ளே 56 மி.மீ. வரையுள்ள கூலர்தான் அடங்கும். இதைப் பார்க்காமல் உயரமான கூலர் வாங்கிவிட்டேன். எல்லாத் திருகையும் முடுக்கிய பிறகு மூடி ஒரு விரற்கடை தூக்கிக்கொண்டு நின்றது. அத்தனையையும் கழற்ற வேண்டியதாயிற்று. இன்டெல் ப்ராசஸர் என்றால் 37 மி.மீ. உயரமுள்ள நாக்டுவா என்எச்-எல்9ஐ கூலர் தாராளமாக உட்காரும். படம் பார்க்க 65 வாட் ப்ராசஸரே போதும், அதற்கு மேல் போகாதீர்கள்.

மதர்போர்டு 17 செ.மீ. சதுரமான மினி-ஐடிஎக்ஸ் அளவு, பவர் சப்ளை எஸ்எஃப்எக்ஸ் என்ற சிறிய அளவு. வழக்கமான பெரிய ஏடிஎக்ஸ் சப்ளை இதில் நுழையாது.

கூலரையும் ரேமையும் மேசையிலேயே போர்டில் பொருத்திவிடுங்கள். ப்ராசஸருக்கான 8 பின் மின்சாரக் கேபிளைப் போர்டைத் திருகுவதற்கு முன்பே செருகுங்கள். பிறகு அந்த மூலைக்குள் விரல் போகாது.

கதவு மூடிய டிவி அலமாரிக்குள் மட்டும் வைக்காதீர்கள். சூடான காற்று உள்ளேயே சுற்றும், விசிறி வேகமெடுக்கும், படத்தின் மெல்லிய வசனங்களில் அந்த இரைச்சல்தான் கேட்கும். பின்பலகை இல்லாத திறந்த தட்டு நல்லது.