உடைந்த பாகமோ புதிய பாகமோ: லேசரா, லேத்தா, 3டி பிரிண்டா?

உடைந்துபோன பல்சக்கரம், கடைக்குப் பெயர்ப்பலகை, நீங்களே யோசித்த ஒரு சின்னக் கருவிக்குப் பெட்டி, எதைச் செய்ய நினைத்தாலும் இப்போது எல்லாரும் முதலில் கேட்பது "எங்கே 3டி பிரிண்ட் பண்ணலாம்?" என்றுதான். நல்ல மெஷின்தான், மறுக்கவில்லை. ஆனால் கொழும்பில் பஞ்சிகாவத்தைப் பக்கம் ஒரு லேத்காரர், அதாவது பொருளைச் சுழற்றிக் கடையும் மெஷின் வைத்திருப்பவர், நின்ற நிலையில் கடைந்து தரக்கூடிய புஷ்ஷை (தண்டு சுழல மாட்டும் சின்னக் குழாயை) ஒரு இரவு முழுக்கப் பிரிண்ட் பண்ணி, அது கொஞ்ச நாளிலேயே தேய்ந்துபோவதைப் பார்த்தால் மனசு பொறுக்கவில்லை. அதனால் மெஷினை யோசிக்கும் முன் பாகத்தைப் பாருங்கள். தட்டையானதா, உருண்டையானதா, தகட்டை மடித்ததா? இந்த மூன்றிலும் அடங்காத வடிவம் என்றால் மட்டும் 3டி பிரிண்டுக்குப் போங்கள்.

தட்டையானது என்றால் லேசர். பெரும்பாலான விளம்பரப்பலகைக் கடைகளில் இருப்பது சிஓ2 லேசர். அக்ரிலிக், பிளைவுட், எம்டிஎஃப் (மரத்தூளை அழுத்திச் செய்த பலகை), தோல் எல்லாம் அதில் அழகாக வெட்டலாம். இரும்பு, ஸ்டெயின்லெஸ் தகடு என்றால் ஃபைபர் லேசர் உள்ள இடம் தேட வேண்டும். லேசர் வெட்டும்போது கோட்டின் இரு பக்கமும் கொஞ்சம் எரிந்து போகும், அக்ரிலிக்கில் மொத்தம் 0.1 முதல் 0.2 மில்லிமீட்டர் வரை. பெயர்ப்பலகைக்கு இது பிரச்சினையே இல்லை. ஒன்றுக்குள் ஒன்று செருகும் பெட்டி என்றால் இதுதான் எல்லாம். 3 மில்லிமீட்டர் தகடு என்றால் முதலில் ஒரு துண்டில் 2.8, 2.9, 3.0 மில்லிமீட்டர் என்று வரிசையாகக் காடிகள் வெட்டி, எது இறுக்கமாகப் பிடிக்கிறது என்று பார்த்துவிட்டு முழு வேலையைக் கொடுங்கள். தகட்டை வெர்னியரால் (தடிப்பும் விட்டமும் அளக்கும் கருவி) அளக்காமல் எதையும் நம்ப வேண்டாம். பழைய சோனகத் தெரு ஹார்ட்வெயார் கடைகளில் அங்குலத்திலும் நூலிலும் பேசுவார்கள், ஒரு நூல் 3.175 மில்லிமீட்டர், உங்கள் வரைபடமோ 3 மில்லிமீட்டருக்கு. அந்தச் சின்ன வித்தியாசமே செருகலைக் கெடுக்கப் போதும்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பிவிசியையும் ரெக்சினையும் லேசரில் வைக்கவே கூடாது. எரியும்போது ஹைட்ரஜன் குளோரைட் வாயு வரும், நிற்கிறவரின் நுரையீரலுக்கும் கேடு, மெஷினும் துருப்பிடிக்கும். என்ன பிளாஸ்டிக் என்று தெரியாவிட்டால் வெளியே காற்றோட்டமான இடத்தில் ஒரு செப்புக் கம்பியைச் சூடாக்கி அந்தப் பிளாஸ்டிக்கில் தொட்டு, மறுபடி சுவாலையில் காட்டுங்கள். சுவாலை பச்சையானால் குளோரின் இருக்கிறது, எடுத்து ஓரமாக வையுங்கள்.

பெயர்ப்பலகை செய்கிறவர்களுக்கு இன்னொரு விஷயம். தமிழ் எழுத்துகளை எழுத்துருவாகவே அனுப்பாதீர்கள். பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்திருந்து கடைக்காரரின் கொம்பியூட்டரில் பாமினி இல்லையென்றால் ஆங்கில எழுத்துகள்தான் தெரியும், யூனிகோடு என்றால் சில மென்பொருள்களில் கொம்பு தனியே கழன்று நிற்கும். எல்லாவற்றையும் கோடுகளாக மாற்றி, ஒன்றன்மேல் ஒன்று ஏறும் குறிகளை எழுத்தோடு ஒரே வடிவமாக இணைத்து அனுப்புங்கள், இல்லாவிட்டால் அவை சந்திக்கும் இடத்திலும் லேசர் ஒரு வெட்டுப் போடும். ஸ்டென்சில் என்றால் 'க' மாதிரி எழுத்துகளின் மூடிய வயிறு கழன்று விழுந்துவிடும், அங்கே சின்னப் பாலம் விட வேண்டும். மூன்று மொழிப் பலகை என்றால் சிங்கள எழுத்துகளுக்கும் இதே கவனம் வேண்டும்.

உருண்டையானது, அதாவது ஷாஃப்ட், புஷ், ரோலர், இவை லேத் வேலை. இங்கே நீங்கள் செய்ய வேண்டியது குறைவு: அதில் மாட்டும் பெயாரிங்கையே கொண்டுபோய்க் கையில் கொடுங்கள். 6202 என்றால் உள்விட்டம் 15, வெளிவிட்டம் 35, அகலம் 11 மில்லிமீட்டர், ஆனால் எண்ணைச் சொல்வதைவிடப் பொருளைக் கொடுப்பது நல்லது, பாஸ், அதாவது லேத்காரர், அதை வைத்துப் பார்த்தே இறுக்கத்தைச் சரிசெய்வார். பல்சக்கரம் உடைந்திருந்தால் பற்களை எண்ணி, வெளிவிட்டத்தை அளந்து, விட்டத்தைப் பல் எண்ணிக்கையோடு இரண்டைக் கூட்டி வருவதால் வகுங்கள். 30 பல், 48 மில்லிமீட்டர் என்றால் 48 ஐ 32 ஆல் வகுக்க 1.5 வரும். அதுதான் மொடியூல், பல்லின் அளவைச் சொல்லும் எண். நேர்ப்பல் சக்கரத்துக்கு இந்தக் கணக்கு போதும், அதைச் சொன்னால் பல் வெட்டுகிறவர் சரியான கட்டரை எடுப்பார்.

தகடு மடிக்கிற வேலையில் துளையை மடிப்புக்கு மிக அருகில் வைக்காதீர்கள், தகட்டின் தடிப்பைப் போல் மூன்று மடங்காவது தள்ளி இருக்கட்டும், இல்லாவிட்டால் துளை முட்டை வடிவமாகும். பலகையைச் சுழலும் கட்டரால் செதுக்கி வெட்டும் சிஎன்சி ரவுட்டரில் கொடுப்பதென்றால், உள்மூலை ஒருபோதும் கூராக வராது. 6 மில்லிமீட்டர் கட்டர் 3 மில்லிமீட்டர் ஆரமுள்ள வளைவை விட்டுத்தான் போகும், அதற்கேற்ப வரையுங்கள்.

சரி, இப்போது 3டி பிரிண்ட். உருகிய இழையை அடுக்கடுக்காகப் போடுகிற மெஷின்தான் இங்கே அதிகம். அடுக்குக்கும் அடுக்குக்கும் இடையில்தான் பலவீனம், விறகு நாரின் வழியே பிளக்கிற மாதிரி அங்கேதான் பிளக்கும். கொக்கி ஒன்று செய்தால் அதைப் படுக்கவைத்து அச்சடிக்கச் சொல்லுங்கள், நிற்கவைத்தல்ல. பலம் வேண்டுமென்றால் உள்நிரப்பை (உள்ளே போடும் வலைப்பின்னலை) கூட்டுவதைவிட வெளிச் சுவர்களை நான்காக்குவது மேல். துளைகள் சொன்னதைவிடச் சிறிதாக வரும், எம்3 போல்ட்டுக்கு 3.4 மில்லிமீட்டர் விடுங்கள். பெயாரிங் உட்காரும் இடம் இருந்தால் முழுப் பாகத்துக்கு முன் அந்த வளையத்தை மட்டும் தனியே அச்சடித்துப் பாருங்கள்.

கொழும்பின் வெயிலையும் ஈரத்தையும் கணக்கில் எடுக்காமல் பொருள் தெரிவு செய்யக் கூடாது. இழைப் பிளாஸ்டிக்குகளில் பிஎல்ஏ 60 பாகை செல்சியஸ் அளவிலேயே இளகும். காலி வீதியோரம் மதிய வெயிலில் கண்ணாடி மூடி நிறுத்திய காருக்குள் ஒரு பிஎல்ஏ ஃபோன் தாங்கி நேராக நிற்காது. பெட்ஜி (PETG) இழை 80 வரை தாங்கும். வெயிலில் வெளியே இருக்கப்போவது என்றால் ஏஎஸ்ஏ (ASA) இழை கேளுங்கள், வெப்பத்தையும் சூரிய ஒளியையும் இரண்டையும் தாங்கும். ஈரம் இன்னொரு பக்கம்: திறந்து வைத்த இழைச்சுருள் கடற்காற்றில் நீரை உறிஞ்சி, அச்சடிக்கும்போது பொட் பொட் என்று வெடித்து நூல் நூலாக இழுக்கும். நைலோன்தான் இதில் மோசம். சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப்புகாப் பெட்டியில் வையுங்கள், ஏற்கெனவே ஈரமான பிஎல்ஏயை 45, 50 பாகையில் சில மணி நேரம் உலர்த்துங்கள். கடையில் கொடுக்கிறீர்கள் என்றால், சுருளை எப்படி வைத்திருக்கிறார்கள் என்று பார்த்தாலே அந்தக் கடை எப்படி என்று விளங்கிவிடும்.

பத்து, இருபது தேவையென்றால் ஒன்றை நன்றாக அச்சடித்து அதிலிருந்து சிலிக்கோன் அச்செடுத்து ரெசின் வார்க்கலாம். ஆயிரக்கணக்கில் என்றால்தான் இன்ஜெக்ஷன் மோல்டிங் (உருகிய பிளாஸ்டிக்கை அச்சுக்குள் அழுத்திச் செலுத்துவது), ஏனென்றால் செலவு முழுக்க அச்சில் போகும், பாகத்தில் அல்ல. அதற்கு வரையும்போதே சுவர்த் தடிப்பைச் சமமாக வைத்து, செங்குத்துப் பக்கங்களுக்கு 1, 2 பாகை சரிவு கொடுங்கள், அப்போதுதான் அச்சிலிருந்து கழலும்.

எந்த வழியென்றாலும் வரைபடம் ஒன்று கட்டாயம். நீங்கள் தமிழிலும் பாஸ் சிங்களத்திலும் பேசினாலும் அளவு எழுதிய தாளில் குழப்பம் வராது. வெட்டும் மெஷினுக்கான டிஎக்ஸ்எஃப் வரைபடக் கோப்போடு அளவுகள் போட்ட ஒரு பிடிஎஃபும் சேர்த்து அனுப்புங்கள், கோப்பின் ஓரத்தில் 100 மில்லிமீட்டர் சதுரம் ஒன்று வரைந்து விடுங்கள். மில்லிமீட்டரை அங்குலமாக எடுத்துவிட்டால் எல்லாம் 25.4 மடங்காகும், அந்தச் சதுரத்தை அளந்தாலே பிழை பிடிபடும். எந்த அளவு முக்கியம், எது ஒரு மில்லிமீட்டர் அங்கிங்கு போனாலும் பரவாயில்லை என்பதையும் குறியுங்கள். எல்லாவற்றையும் துல்லியமாகக் கேட்டால் விலைதான் ஏறும்.

வாங்கப் போகும்போது வெர்னியரையும் பொருந்த வேண்டிய போல்ட்டையும் பெயாரிங்கையும் எடுத்துப் போய், மிச்சக் காசைக் கொடுக்கும் முன் அங்கேயே மாட்டிப் பாருங்கள். இறுக்கமாக இருந்தால் உடனே ஒரு மயிரிழை கடைந்து தருவார்கள், தளர்வாக இருந்தால் புதிதாகத்தான் செய்ய வேண்டும், அதையும் அப்போதே பேசி முடித்துவிடுங்கள்.