நீதியும் நியாயமும்: முதலில் பாக்கியைத் தீருங்கள்

வேதத்தில் நீதி, நியாயம் என்ற இரண்டு சொற்களும் பல இடங்களில் ஜோடியாகவே வரும். நீதி என்பது தேவனோடும் மனிதரோடும் செம்மையாக நடப்பது. நியாயம் என்பது அவரவருக்குச் சேர வேண்டியதைச் சேர்ப்பது, கெடுத்ததைச் சீர்செய்வது. ஜெபமும் காணிக்கையும் தவறாத வீட்டில்கூட இந்த இரண்டாவது விடுபட்டுப்போகும். சீரகத்தில்கூடத் தசமபாகம், அதாவது பத்தில் ஒரு பங்கு, எடுத்து வைத்தவர்கள் நியாயத்தையும் இரக்கத்தையும் விசுவாசத்தையும் விட்டுவிட்டதை இயேசு கண்டித்தார் (மத்தேயு 23:23). ஆகவே தானதருமத்தை யோசிப்பதற்கு முன் பாக்கியைப் பாருங்கள்.

ஒரு தாளில் மூன்று பத்தி போடுங்கள்: யாருக்கு, எவ்வளவு, எப்போதிலிருந்து. கூலி, கைமாற்று, இரவல் வாங்கிய பொருள், தருகிறேன் என்று வாய்விட்டுச் சொன்னது எல்லாமே வரட்டும். தன்னால் கேட்க முடியாதவருடைய பெயர்தான் முதலில் மறந்துபோகும். அதை முதல் வரியில் எழுதுங்கள்.

கூலி விஷயத்தில் வேதம் கறாராகப் பேசுகிறது. கூலிக்காரனின் கூலி விடியும்வரை உங்களிடம் இருக்கக்கூடாது (லேவியராகமம் 19:13). பொழுது சாய்வதற்குள் கொடுத்துவிட வேண்டும், அவன் ஏழை, அதை நம்பித்தான் இருக்கிறான் (உபாகமம் 24:15). எனவே வேலை தொடங்குமுன்பே தொகையைப் பேசி முடியுங்கள். வேலை கூடினால் கூலியும் கூடட்டும். வேலை முடிந்ததும் அவர் வந்து நிற்கும்வரை காத்திராமல் நீங்களே எடுத்துக் கொடுங்கள். பலர் சறுக்குவது இங்கேதான்: கூலியைக் குறைத்துவிட்டு, பழைய துணியும் மிஞ்சிய சாப்பாடும் கொடுத்து ஈடுகட்டியதாக நினைத்துக்கொள்கிறார்கள். உரிமையைப் பிடித்து வைத்துக்கொண்டு தருமம் செய்தால் அது தருமமாகாது.

யாரையாவது ஏமாற்றியிருந்தால், தேவனிடம் மன்னிப்புக் கேட்பதோடு காரியம் முடிந்துவிடாது. லேவியராகமம் 6:5 முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்கச் சொல்கிறது: 1000 என்றால் 1200. வரி வசூலிப்போரின் தலைவனான சகேயுவோ நான்கு மடங்காகத் தருவதாகச் சொன்னான் (லூக்கா 19:8). அங்கே வரிசையைக் கவனியுங்கள். இயேசு முதலில் அவன் வீட்டுக்கு வந்தார்; பிறகுதான் அவன் கை பணப்பையைத் திறந்தது. இரட்சிப்புக்கு விலையாக நாம் இதைச் செய்வதில்லை.

திருப்பிக் கொடுக்கும்போது நேரில், தனியாகச் செல்லுங்கள். "இன்ன காரியத்தில் உங்களை ஏமாற்றினேன், இது உங்கள் பணம், இது மேற்கொண்டு" என்று மட்டும் சொல்லுங்கள். "ஆனால்" என்று ஒரு வார்த்தை சேர்த்தாலும் அது மன்னிப்பு கேட்பதாக இருக்காது. உடனே மன்னிக்கும்படி நெருக்காதீர்கள். அவர் இறந்திருந்தால் நெருங்கிய உறவினரிடம் கொடுங்கள். மொத்தமாகக் கொடுக்க வசதியில்லையா? தவணையை எழுதிக் கையில் கொடுத்து, முதல் தவணையை அப்போதே கட்டுங்கள்.

அடுத்தது நாவு. "அவருக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள், விஷயம் இப்படியாம்" என்று தொடங்கும் பேச்சு பெரும்பாலும் புறங்கூறுதல்தான். பெயரையும் விவரத்தையும் சொல்லாமலே ஜெபிக்க முடியும். தகராறில் யார் முதலில் வந்து பேசினாலும் அவர் சொல்வதே சரியென்று தோன்றும் (நீதிமொழிகள் 18:17). மற்றவரையும் கேட்கும்வரை கருத்துச் சொல்லாதீர்கள். ஏழை என்பதற்காகவும் வழக்கில் ஒருவர் பக்கம் சாயக்கூடாது என்கிறது யாத்திராகமம் 23:3. இதைச் சொல்லக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும்.

சபையில் பொன்மோதிரக்காரருக்கு நல்ல இடம், கந்தை உடுத்தியவருக்குக் காலடி என்ற பாகுபாட்டை யாக்கோபு 2 தோலுரிக்கிறது. உங்கள் சபையில் முடிவெடுக்கும் கூட்டத்தில் யார் உட்காருகிறார்கள், கூட்டம் முடிந்தபின் யார் பெருக்குகிறார்கள் என்று ஒரு மாதம் கவனித்து எழுதுங்கள். பெயர்கள் மாறவே இல்லையென்றால், அந்தத் தாளோடு மூப்பர்களிடம் பேசுங்கள்.

பேச வாயில்லாதவருக்காகப் பேசச் சொல்கிறது நீதிமொழிகள் 31:8. அதற்கு முன் அவரிடமே கேளுங்கள்: "நான் பேசட்டுமா, கூட வந்தால் போதுமா?" கேட்காமல் குதித்தால், நீங்கள் வீடு திரும்பியபின் அடி அவர்மேல்தான் விழும். நடந்ததைத் தேதியோடு அவர் சொன்னபடியே எழுதி, வாசித்துக் காட்டி, அவர் சம்மதித்த பிறகே எடுத்துச் செல்லுங்கள்.